அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்

தமிழ்நாட்டில் ஓயாமல் எழுதப்படும் உரைநடை எது என்று கேட்டால் நாவலாசிரியர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அது காவல் நிலையங்களில் எழுதப்படுகிறது. "மேற்படி வாகனத்தை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து..." கும்மிடிப்பூண்டியில் எடுத்தாலும் கன்னியாகுமரியில் எடுத்தாலும் விபத்து எஃப்ஐஆரில் இந்த வரி மாறாது. ஆம்னி பஸ் மோதினாலும் இதுதான். மொபெட் மோதினாலும் இதுதான். மாட்டுவண்டி மோதியிருந்தால் மாடும் அதிவேகமாகத்தான் வந்திருக்கும்.

2022இல் தமிழ்நாட்டில் நடந்த சாலை விபத்துகள் 64,105. இந்தியாவிலேயே முதலிடம். எதில் முதலிடம் வந்தாலும் பேனர் வைக்கிற நாம் இதற்கு மட்டும் வைக்கவில்லை. செத்தவர்கள் 17,884 பேர். நாளொன்றுக்கு 49. ஒரு பேருந்து நிறைய ஆட்கள். தினமும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சிறப்புப் பேருந்துகள் தனி.

49 பேர் ஒரே இடத்தில் செத்தால் முதல்வர் வருவார், பிரதமர் இரங்குவார், விசாரணை ஆணையம் அமையும், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவருக்கு வேலை கிடைக்கும். 49 பேர் 49 இடத்தில் செத்தால் மாவட்டச் செய்தி. அதுவும் பக்கத்தில் இடம் மிச்சமிருந்தால்.

எஃப்ஐஆரில் சாலைக்கு இடமில்லை. பலகை இல்லாத வளைவு, எரியாத விளக்கு, சொல்லாமல் கொள்ளாமல் முடிந்துபோகும் சர்வீஸ் ரோடு, தோண்டிப் போட்டு மூன்று மழைக்காலம் கண்ட பள்ளம், எதற்கும் சம்மன் போனதாகக் கேள்விப்பட்டதில்லை. ஓட்டுநர் ஒருவரே குற்றவாளி. அவரும் செத்துவிட்டால் இன்னும் வசதி. கோப்பை மூடிவிட்டு டீ சாப்பிடப் போகலாம்.

சரி, வேகம்தான் கொல்கிறது என்றே வைத்துக்கொள்வோம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கையும் அதைத்தான் சொல்கிறது. 2022இல் நாடு முழுவதும் செத்த 1,68,491 பேரில் 71 சதவீதம் பேர் அதிவேகத்தால் போனவர்கள். இவ்வளவு தெளிவாகக் கணக்கு வைத்திருக்கிற அமைச்சகம் 2018 ஏப்ரலில் என்ன செய்தது? வேக வரம்பை உயர்த்தியது. விரைவுச் சாலையில் காருக்கு 120. நான்கு வழிச் சாலையில் 100. காரணம் கேட்டால், சாலை தரமாகிவிட்டதாம், வண்டியும் நவீனமாகிவிட்டதாம். உண்மைதான். எஞ்சின் மாறிவிட்டது. பிரேக் மாறிவிட்டது. காற்றுப்பை வந்துவிட்டது. விக்கிரவாண்டியில் ரேஷன் பையோடு சாலையைக் கடக்கிற பாட்டிக்கு மட்டும் புது மாடல் வரவில்லை. அவருக்கு அதே பழைய முட்டிதான். 2022இல் நாட்டில் வண்டி மோதிச் செத்த பாதசாரிகள் 32 ஆயிரத்துக்கும் மேல். அவர்களில் யாரும் 120இல் நடந்து வந்தவர்கள் இல்லை.

2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் வேக வரம்பை உயர்த்திய அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. விபத்தில் நிரந்தரமாக முடங்கிப்போன ஒரு பெண்ணின் இழப்பீட்டு வழக்கு அது. வேகத்தால்தான் சாகிறார்கள் என்று தெரிந்துகொண்டே வேகத்தை ஏன் கூட்டினீர்கள் என்பதுதான் நீதிபதிகள் என். கிருபாகரனும் டி.வி. தமிழ்ச்செல்வியும் எழுப்பிய கேள்வியின் சாரம். பள்ளிப் பிள்ளைக்கும் தோன்றுகிற கேள்வி. சில வாரங்களில் அமைச்சர் நிதின் கட்கரி பேசினார். விரைவுச் சாலையில் 140 வரை போகலாம் என்பது அவருடைய சொந்தக் கருத்தாம். நீதிமன்றம் பிரேக்கை மிதித்தால் அமைச்சர் டாப் கியருக்குப் போகிறார். நமக்கும்தான் சொந்தக் கருத்து இருக்கிறது. அதைச் சட்டமாக்க நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோகிற வசதிதான் இல்லை.

சென்னைக்குள் நடந்தது தனிக் கூத்து. 2023 ஜூனில் வேகக் காமிராக்களைக் கொண்டுவந்தார்கள். பகலில் 40ஐத் தாண்டினால் அபராதம் என்றார்கள். ஊர் கொதித்தது. பின்வாங்கினார்கள். நவம்பரில் புது வரம்பு வந்தது. காருக்கு 60, பைக்குக்கு 50. முதலில் காமிரா, அப்புறம் வரம்பு. முதலில் தண்டனை, அப்புறம் சட்டம். சாயங்காலம் ஆறரை மணிக்கு அண்ணா சாலையில் 60ஐத் தொட ஹெலிகாப்டர் வேண்டும் என்பது வேறு விஷயம்.

நம்மையும் சும்மா விடுவதற்கில்லை. இந்தச் சாலைகளில் ஓட்டுகிறவர்கள் செவ்வாய்க் கிரகத்திலிருந்து வரவில்லை. வலது ஓரத் தடத்தைச் சொந்த வீட்டுத் திண்ணையாக நினைத்து 40இல் உருட்டுகிற லாரி நம்முடையது. அதை இடது பக்கம் புகுந்து முந்துகிற காரும் நம்முடையது. எதிரே வருகிறவன் கண் அவிந்து போகட்டும் என்று ஹைபீம் போடுகிறவரும் நம் வீட்டு மாப்பிள்ளைதான். நால்வழிச் சாலையில் குடும்பத்தோடு எதிர்த்திசையில் வருகிறார் ஒருவர். ஹெல்மெட் இல்லை. கேட்டால், திரும்புகிற இடம் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்கிறார். பெட்ரோல் விலை அவருக்குத் தெரிகிறது. நால்வர் உயிரின் விலை தெரியவில்லை. ஆனால் ஊரை இரண்டாக வெட்டி, வயலை அந்தப் பக்கமும் வீட்டை இந்தப் பக்கமும் போட்டு, நடுவில் தடுப்பைக் கட்டி, திரும்ப ஆறு கிலோமீட்டர் சுற்றச் சொன்ன பொறியாளருக்கும் தெரிந்ததாகத் தெரியவில்லை.

வண்டிக் கண்ணாடியில் 'காவல்', 'பிரஸ்', 'வழக்கறிஞர்', கட்சிக் கொடி என்று ஒட்டிக்கொள்கிறவர்கள் தனி ஜாதி. சாலை விதி அவர்களுக்கு விண்ணப்பம் போட்டுத்தான் பக்கத்தில் வரவேண்டும். லைசென்ஸ் வாங்கிய கதை வேறு. ஆர்டிஓ மைதானத்தில் பைக்கில் ஒரு எட்டு போட்டால் போதும், கிழக்குக் கடற்கரைச் சாலை முழுவதும் உங்களுடையது. அந்த எட்டையும் யார் போட்டார்கள் என்பது ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்கும் கடவுளுக்கும் மட்டுமே வெளிச்சம்.

லாரிக்காரர் கதை இன்னும் மோசம். தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே தொப்பூர் கணவாய். நீண்ட இறக்கம். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறார்கள். பாரம் தள்ளுகிறது, பிரேக் சூடேறித் தோற்கிறது, முன்னால் போகிற நாலு வண்டி நசுங்குகிறது. நியூட்ரலில் விட்டவர் மீது அதே பழைய வரியில் வழக்கு. லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் கொடுத்தே ஆகவேண்டும், மிச்சம் பிடித்தால்தான் பேட்டா தேறும் என்று சொன்ன முதலாளியின் பெயர் எஃப்ஐஆரில் வராது. இந்த மலை இறக்கம் கொல்கிறது என்று ஊர் பல ஆண்டுகளாகக் கத்தியது. மேல்மட்டச் சாலை போடலாம் என்ற ஞானம் வந்துசேர எத்தனையோ லாரிகள் உருள வேண்டியிருந்தது.

2015 அக்டோபருக்குப் பிறகு வந்த சரக்கு வண்டிகளில் வேகத்தை 80இல் நிறுத்துகிற கருவி கட்டாயம். ஸ்பீடு கவர்னர். எஃப்சி காட்டும் நாளில் விழித்திருக்கும். மறுநாள் வயரைப் பிடுங்கினால் தூங்கிவிடும். நம் மாநிலத்தில் கவர்னர் ஒழுங்காக நிறுத்திக் காட்டியது மசோதாக்களை மட்டும்தான்.

குடி பற்றிப் பேசாமல் ஓட்டுநர் ஒழுக்கம் பற்றிப் பேச முடியாது. குடித்துவிட்டு ஓட்டினால் அபராதம் 10,000 ரூபாய். நியாயம். ஊற்றிக் கொடுத்தவருக்கு? அவருக்கு வருமானம். 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு காரியம் செய்தது. பாமகவின் வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த தமிழ்நாட்டு வழக்கு உட்படப் பலவற்றை விசாரித்து, நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. 2017 ஏப்ரல் முதல் நாள் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகளுக்குப் பூட்டு விழுந்தது. அரசு கலங்கிப் போனது. விபத்தில் 17 ஆயிரம் பேர் செத்தபோது வராத கலக்கம். கோட்டையில் மூளைகள் கூடின. கடையை 500 மீட்டர் நகர்த்துவது கஷ்டம். நெடுஞ்சாலையை நகர்த்துவது சுலபம். ஊருக்குள் ஓடுகிற நெடுஞ்சாலைகளை எல்லாம் உள்ளாட்சிச் சாலை என்று தீர்மானம் போட்டு மாற்றிவிட்டால் தீர்ந்தது. சாலை அங்கேயே இருக்கும், கடை அங்கேயே இருக்கும், லாரி அங்கேயே நிற்கும். நெடுஞ்சாலை மட்டும் காணாமல் போயிருக்கும். சென்னை உயர் நீதிமன்றம் குறுக்கே நின்றது. அந்த ஜூலையில் உச்ச நீதிமன்றமே, நகராட்சி எல்லைக்குள் இந்தத் தடை பொருந்தாது என்று விளக்கம் தந்ததும் கடைகள் மறுபடி திறந்தன. ஒரு கோப்பு இவ்வளவு வேகமாக நகர்ந்து தமிழன் பார்த்ததில்லை. அதற்கு எந்த வேக வரம்பும் இல்லை.

வேகத்தைக் குறைக்கச் சொன்னால் அரசுக்குக் காது கேட்காது. சாலையை அகலப்படுத்தச் சொன்னால் உடனே கேட்கும். அகலப்படுத்துவதில் நிலம் இருக்கிறது, ஜல்லி இருக்கிறது, டெண்டர் இருக்கிறது. வெள்ளைக் கோடு அடிப்பதில் என்ன இருக்கிறது? கொஞ்சம் பெயிண்ட்.

மதுரவாயலையே எடுத்துக்கொள்வோம். சென்னைத் துறைமுகத்திலிருந்து மதுரவாயலுக்கு 19 கிலோமீட்டர் பறக்கும் சாலை. 2009 ஜனவரியில் பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். 2012இல் புதிய ஆட்சி அதை நிறுத்தியது. தூண்கள் கூவத்தின் நீரோட்டத்தைக் கெடுக்கின்றனவாம். கூவத்தின் நீரோட்டம்! மூக்கைப் பிடிக்காமல் அந்தக் கோப்பில் கையெழுத்துப் போட்ட அதிகாரிக்கு ஒரு விருது கொடுத்திருக்கலாம். பாதியில் நின்ற தூண்கள் பத்தாண்டு அங்கேயே நின்றன. கம்பி துருப்பிடித்தது. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் கீழே வரிசையில் நின்று அந்தத் தூண்களை அண்ணாந்து பார்த்தன. 2022 மே மாதம் பிரதமர் மோடி வந்தார். அதே சாலைக்கு இன்னொரு அடிக்கல். இந்த முறை ஈரடுக்கு. முதல் மதிப்பீடு இரண்டாயிரம் கோடிக்கும் கீழே. இரண்டாவது 5,800 கோடிக்கும் மேல். இரண்டு கழகங்களின் கௌரவச் சண்டைக்கு வட்டியும் முதலுமாக மொய் எழுதியது யார் என்று கேட்க வேண்டியதில்லை. கண்ணாடியில் பார்த்தால் தெரியும்.

சேலம் எட்டு வழிச் சாலைக்குப் 'பசுமை வழி' என்று பெயர் சூட்டினார்கள். 277 கிலோமீட்டர், 10,000 கோடி. பசுமைக்கு நடுவே போவதால் பசுமை வழி. போன பிறகு பசுமை இருக்காது என்பதால் பெயரிலாவது இருக்கட்டும் என்று நினைத்திருக்கலாம். 2018இல் கிணற்று மேட்டில் கல் நட்டார்கள். அழுத பெண்களைப் போலீஸ் வண்டியில் ஏற்றினார்கள். நிலம் எடுப்பை 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எடுக்கலாம் என்றது. இவ்வளவும் எதற்கு? சென்னைக்கும் சேலத்துக்கும் இடையே சில மணி நேரம் மிச்சமாக.

அந்த இரண்டு ஊருக்கும் ஏற்கெனவே இருந்த நால்வழிச் சாலையின் லட்சணத்தைப் பாருங்கள். உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து சேலம் வரை நால்வழி என்று சொல்லி வசூல். மேட்டுப்பட்டியிலும் நத்தக்கரையிலும் சாவடி. ஆனால் ஊர்களைச் சுற்றிப் போகிற புறவழிகளில் மட்டும் ஆண்டுக்கணக்கில் இரண்டே வழி. நடுவில் தடுப்பும் கிடையாது. நூறில் வந்துகொண்டிருந்தவர் அடுத்த வளைவில் எதிரே ஒரு பேருந்தின் முகத்தைப் பார்ப்பார். கடைசியாகப் பார்த்த முகம். பாதிச் சாலை போட்டவருக்குப் பாதிக் கட்டணம் என்று யாரும் சொல்லவில்லை. ஓட்டுநர் மீது மட்டும் முழு வழக்கு.

அகலப்படுத்தினால் நெரிசலாவது தீருமா? பொருளியலாளர்கள் டுராண்டனும் டர்னரும் அமெரிக்க நகரங்களை வைத்து 2011இல் கணக்குப் போட்டே காட்டினார்கள். பெருநகரச் சாலை எந்த அளவு கூடுகிறதோ அதே அளவு வண்டி ஓட்டமும் கூடிவிடுகிறது. பொங்கலுக்கு முந்தைய இரவு வண்டலூரில் நின்று பார்த்தவருக்கு அமெரிக்கா போக வேண்டியதில்லை. முன்பு நான்கு வரிசையில் நின்றோம். இப்போது எட்டு வரிசையில் நிற்கிறோம். வளர்ச்சி.

கெடு வைப்பதிலும் நமக்கு இதே அகலப்படுத்தும் புத்திதான். 2015இல் பிரேசிலியாவில் கையெழுத்துப் போட்டு, 2020க்குள் சாலைச் சாவுகளைப் பாதியாக்குவோம் என்றது இந்தியா. அப்போது ஆண்டுக்கு 1,46,000 பேர். பிறகு 2024 என்றார்கள். 2024 டிசம்பரில் கட்கரி மக்களவையில் எழுந்து, விபத்து குறையவில்லை, கூடியிருக்கிறது, வெளிநாட்டுக் கூட்டங்களில் முகத்தை மறைத்துக்கொள்ளப் பார்க்கிறேன் என்ற பொருளில் பேசினார். வெட்கப்பட்ட மத்திய அமைச்சர் என்ற வகையில் அரிய மனிதர்தான். இப்போது கெடு 2030.

இதற்கிடையே 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஹெல்மெட் இல்லையா, ஆயிரம். போன் பேசினாயா, ஆயிரம். கூலிக்காரனின் இரண்டு நாள் சம்பளம் ஒரு பட்டனில் போய்விடும். போகட்டும், தப்பு தப்புதான். அதே திருத்தத்தில் 198ஏ என்று ஒரு பிரிவும் இருக்கிறது. சாலையின் வடிவமைப்பிலோ கட்டுமானத்திலோ பராமரிப்பிலோ தரம் தவறி, அதனால் உயிரோ உறுப்போ போனால் ஒப்பந்ததாரருக்கும் பொறுப்பான அதிகாரிக்கும் அபராதம். எவ்வளவு தெரியுமா? அதிகபட்சம் ஒரு லட்சம் ரூபாய். ஆயிரக்கணக்கான கோடி டெண்டரில் ஒரு லட்சம். பூமி பூஜைக்குப் பந்தல் போட்டவர் அதைவிட அதிகம் வாங்கியிருப்பார்.

சுங்கச்சாவடிக்கு வருவோம். வந்துதானே ஆகவேண்டும், வேறு வழி விட்டுவைத்தார்களா? ஏப்ரல் முதல் தேதி கொஞ்சம் சாவடிகளில் கட்டணம் ஏறும், செப்டம்பர் முதல் தேதி மிச்சச் சாவடிகளில் ஏறும். முட்டாள்கள் தினத்தைத் தேர்ந்தெடுத்தவர் விவரமானவர். மதுரவாயல் வாலாஜாபேட்டை சாலை பல்லாங்குழியாகக் கிடந்தபோது, 2020 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தானாக வழக்கெடுத்து, இந்தச் சாலைக்குப் பாதிக் கட்டணம் போதும் என்று சொல்ல வேண்டியிருந்தது. நீதிபதியின் காருக்கும் இடுப்பு இருந்ததால் வந்த நீதி. சாவடிகளுக்கு நடுவே 60 கிலோமீட்டர் இருக்க வேண்டும் என்பது 2008ஆம் ஆண்டு விதி. பரனூரிலிருந்து ஆத்தூர் சாவடிக்கு ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. நெருக்கமான சாவடிகளை மூன்று மாதத்தில் மூடிவிடுவோம் என்று 2022 மார்ச்சில் மக்களவையில் வாக்குக் கொடுத்தார்கள். அந்த மூன்று மாதம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 100 மீட்டருக்கு மேல் வரிசை நின்றால் கட்டணமில்லாமல் விடுவோம் என்று 2021இல் மஞ்சள் கோடு போடச் சொன்னார்கள். 2024இல் சத்தமில்லாமல் அதையும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பெயிண்ட் செலவு மிச்சம்.

பரனூர் கணக்கைத் தணிக்கைத் துறை எடுத்துப் பார்த்தது. 2019 ஆகஸ்ட் முதல் 2020 ஜூன் வரை கடந்த வண்டிகளில் பாதிக்கு மேல் விலக்குப் பெற்ற விஐபி வண்டிகள் என்று பதிவாகியிருந்தது. 62 லட்சம் விஐபி வண்டிகள். செங்கல்பட்டு வட்டாரத்தில் இத்தனை கவர்னர்களும் நீதிபதிகளும் நடமாடுவது அந்த ஊர்க்காரர்களுக்கே தெரியாது. அவர்கள் வரிசையில் நின்று ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விலக்குப் பட்டியல் அதே 2008 விதிகளில் இருக்கிறது. குடியரசுத் தலைவரில் தொடங்குகிறது. பிரதமர், தலைமை நீதிபதி, கவர்னர், முதல்வர், அமைச்சர், எம்பி, எம்எல்ஏ என்று இறங்கி வருகிறது. வரி கட்டுகிறவன் எங்காவது இருக்கிறானா என்று கடைசிவரை தேடினேன். இருக்கிறான். அமரர் ஊர்திக்குக் கட்டணம் கிடையாது.